எப்போது சேர வேண்டும் என்று மூலக்கூறுக்கு யார் சொல்வது?

டிஎன்ஏ என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பரம்பரை, மரபணு, கோர்ட்டில் தந்தை யார் என்று சொல்லும் டெஸ்ட். இந்தப் பதிவில் அதெல்லாம் கிடையாது. இங்கே டிஎன்ஏ வெறும் கட்டுமானப் பொருள், செங்கல், கம்பி மாதிரி. அதை வைத்து நானோமீட்டர் அளவில் பெட்டி, குழாய், சட்டம் எல்லாம் கட்டுகிறார்கள் என்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கேள்வி. கட்டுமானம் எப்போது தொடங்க வேண்டும், எந்த நிபந்தனையில் தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சோதனைக் குழாய்க்குள் யார் முடிவு செய்வது? வெளியிலிருந்து ஒருவர் பட்டனை அழுத்தாமல், உள்ளே மிதக்கும் மூலக்கூறுகளே "இது வந்திருக்கு, அதுவும் வந்திருக்கு, அப்ப ஆரம்பிக்கலாம்" என்று தீர்மானிக்க முடியுமா?

முடியும். எப்படி என்பதையும், அது இன்னும் எங்கே தடுமாறுகிறது என்பதையும் முடிந்தவரை விரிவாகச் சொல்கிறேன். நான் பிளஸ் டூவோடு பயாலஜியை விட்டவன், பிழைப்பு சாப்ட்வேர். அதனால் இதை ஒரு புரோகிராமர் கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்தத் துறையின் முக்கியமான ஆட்கள் பலரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள்தான் என்பதால் அந்தக் கண்ணாடி அவ்வளவு பொருத்தமில்லாததும் இல்லை.

முதலில் செங்கல்

டிஎன்ஏ இழையில் நாலு எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி. ஓர் இழையும் அதன் இணை இழையும் உப்புத் தண்ணீரில் சந்தித்தால் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். அந்த இரட்டைச் சுருளின் தடிமன் 2 நானோமீட்டர். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 0.34 நானோமீட்டர். சுமார் 10.5 எழுத்துக்கு ஒரு சுற்று. அளவு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த, எது எதோடு ஒட்டும் என்று நாமே எழுதிக்கொள்ளக்கூடிய வேறொரு கட்டுமானப் பொருள் இந்த அளவில் கிடைப்பது கஷ்டம்.

இதைக் கட்டுமானமாகப் பார்த்த முதல் ஆள் நெட் சீமன் என்ற அமெரிக்கப் படிகவியலாளர். 1980இல் ஆல்பனி பல்கலைக்கழக வளாகத்து பப் ஒன்றில், எஷர் வரைந்த மீன் கூட்டம் ஒன்றை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒவ்வொரு மீனும் ஆறு கைகள் உள்ள டிஎன்ஏ சந்திப்பு மாதிரித் தோன்றியதாம். மேல் கீழ், இடம் வலம், முன் பின் என்று ஆறு பக்கமும் ஒட்டினால் முப்பரிமாணப் படிகம் கிடைக்குமே என்று யோசித்து, 1982இல் கட்டுரையாக எழுதினார். 1991இல் சென் என்ற சகாவோடு சேர்ந்து டிஎன்ஏவாலேயே ஒரு கனசதுரம் செய்து காட்டினார்.

2006இல் கால்டெக்கின் பால் ராத்மண்ட் வேலையைச் சுலபமாக்கினார். ஒரு வைரஸிலிருந்து 7,000 எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஒற்றை இழை. அதை மடித்துப் பிடித்து வைக்க 200க்கும் அதிகமான குட்டி இழைகள், நாம் காகிதத்துக்குப் போடும் ஸ்டேப்ளர் பின் மாதிரி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 95 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் மெல்ல ஆறவிட்டால் நட்சத்திரம், முக்கோணம், சிரிக்கும் முகம் என்று நாம் வரைந்த உருவம் கோடிக்கணக்கில் கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் சுமார் 100 நானோமீட்டர். இதற்கு டிஎன்ஏ ஓரிகாமி என்று பெயர்.

பிரச்சினை எங்கே?

அந்தச் செய்முறையை இன்னொரு தடவை படியுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போடு, சூடாக்கு, ஆறவிடு. இட்லி மாவை ஊற்றி மூடி வைப்பது போல. மூடி வைத்த பிறகு நமக்கு அங்கே வேலையே இல்லை. என்ன உருவம் வேண்டும் என்பதை எழுத்துகளில் எழுதிவிட்டோம். ஆனால் எப்போது, எந்த வரிசையில், எந்த நிபந்தனையில் என்பதை எங்கேயும் எழுதவில்லை. நம் கையில் இருக்கும் ஒரே திருகு வெப்பநிலை.

சாப்ட்வேர் பாஷையில் சொன்னால், டேட்டா இருக்கிறது, "இஃப்" இல்லை.

லேபில் உட்கார்ந்து அழகான உருவம் செய்வதற்கு இது போதும். ஆனால் ஒரு செல்லுக்குள்ளேயோ ரத்தத்திலேயோ வேலை செய்ய வேண்டும் என்றால் 95 டிகிரிக்குச் சூடாக்க முடியாது. அங்கே வெப்பநிலை 37 டிகிரிதான், மாறாது. அந்த மாறாத வெப்பத்தில், ஒரு குறிப்பிட்ட சமிக்ஞை வரும்வரை பாகங்கள் எல்லாம் சும்மா மிதந்துகொண்டிருக்க வேண்டும். வந்ததும் சேர வேண்டும். தப்பான சமிக்ஞைக்குச் சேரவே கூடாது. இதற்கு வேதியியல் அளவில் ஒரு ஸ்விட்ச் வேண்டும்.

பாதி சீட்டில் ஒட்டிக்கொள்ளும் பயணி

அந்த ஸ்விட்ச் 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. பெர்னார்ட் யூர்க்கி, ஆண்ட்ரூ டர்பர்ஃபீல்ட் குழுவினர் டிஎன்ஏவால் ஒரு குட்டி இடுக்கி செய்தார்கள். ஓர் இழையைப் போட்டால் மூடும், இன்னோர் இழையைப் போட்டால் திறக்கும். திறக்க வைத்த தந்திரத்துக்கு இழை இடப்பெயர்ச்சி என்று பெயர். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவு வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நீளமான இழை இருக்கிறது, அதை கீழிழை என்போம். அதன்மேல் சற்றே குட்டையான ஓர் இழை ஒட்டியிருக்கிறது. குட்டை என்பதால் கீழிழையின் ஓரத்தில் ஆறேழு எழுத்து மூடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டோஹோல்ட் என்று பெயர். கால் ஊன்ற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கீழிழையின் முழு நீளத்துக்கும் பொருந்தும் புது இழை ஒன்று வருகிறது. முதலில் அந்த ஆறேழு எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. டவுன் பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சீட்டின் ஓரத்தில் பாதியாக உட்காருபவரைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி. அப்புறம் பக்கத்து எழுத்தில் பழைய இழை விலக, அந்த இடத்தைப் புது இழை பிடிக்கிறது. சில சமயம் பழையது திரும்பவும் அந்த இடத்தைப் பிடித்துவிடும். முன்னே ஓர் எழுத்து, பின்னே ஓர் எழுத்து என்று இழுபறி. இதில் எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லை, ஏனென்றால் ஒரு பிணைப்பு அறும்போது இன்னொன்று உருவாகிறது. ஆனால் எப்போதாவது ஒரு தடவை புது இழை மறு ஓரம் வரை போய்விட்டால் பழைய இழை கழன்று தண்ணீரில் மிதந்து போய்விடும். திரும்பி வர அதற்குக் கால் ஊன்ற இடமே இல்லை, அதைப் புது இழை மூடிவிட்டது. ஆட்டம் முடிந்தது.

இதில் என்னை ஈர்த்தது வேகம்தான். 2009இல் டேவிட் ஜாங்கும் எரிக் வின்ஃப்ரீயும் இதை அளந்து எழுதினார்கள். டோஹோல்ட் இல்லாவிட்டால் இந்த வினை நடப்பது மிக மெதுவாக. ஆறேழு எழுத்து டோஹோல்ட் கொடுத்தால் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகம். அதாவது டோஹோல்ட்டை மூடி வைத்தால் ஸ்விட்ச் ஆஃப், திறந்தால் ஆன். பிணைப்பு விதிகள் எதுவும் மாறவில்லை. வேகம் மட்டும் மாறுகிறது. கடைசியில் எது நிலையானது என்பதைத் தொடாமல், எது முதலில் நடக்கும் என்பதை நாம் எழுதிவிடுகிறோம்.

ஸ்விட்சிலிருந்து கேட்

டோஹோல்ட்டை ஒன்றுக்குள் ஒன்று ஒளித்து வைத்தால் லாஜிக் கேட் வந்துவிடும். 2006இல் ஜார்ஜ் சீலிக், டேவிட் சொலவேய்ச்சிக், ஜாங், வின்ஃப்ரீ ஆகியோர் செய்த ஆண்ட் கேட் இப்படி: மூன்று இழைகள் சேர்ந்த ஒரு கட்டு. வெளியே தெரிவது ஒரே ஒரு டோஹோல்ட். முதல் உள்ளீட்டு இழை வந்து அதில் ஒட்டி ஓர் இழையைக் கழற்றுகிறது. அப்போதுதான் உள்ளே ஒளிந்திருந்த இரண்டாவது டோஹோல்ட் வெளியே வருகிறது. இரண்டாவது உள்ளீட்டு இழை வந்து அதில் ஒட்டினால், கடைசி இழை விடுதலையாகி வெளியீடாக மிதக்கிறது. முதலாவது மட்டும் வந்தால் பாதியிலேயே நிற்கும். இரண்டாவது மட்டும் வந்தால் ஒட்ட இடமே இருக்காது. என்சைம் கிடையாது, மின்சாரம் கிடையாது. உப்புத் தண்ணீரும் இழைகளும் மட்டும்.

ஆர் கேட் சுலபம். ஒரே வெளியீட்டைத் தரும் இரண்டு கட்டுகளைப் போட்டால் போதும். நாட் கேட்தான் தலைவலி. "இழை வரவில்லை" என்பதை எப்படி உணர்வது? இன்னும் வரவில்லையா, வரவே போவதில்லையா என்று ஒரு மூலக்கூறுக்குத் தெரியாதே! சிலிக்கான் சிப்பில் கடிகாரத் துடிப்பு இருக்கிறது, எப்போது பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். இங்கே அது இல்லை.

இதற்கு வந்த பதில் பழைய எலக்ட்ரானிக்ஸ் தந்திரம். ஒவ்வொரு பிட்டுக்கும் இரண்டு இழை: ஒன்று வந்தால் அர்த்தம் 0, மற்றது வந்தால் அர்த்தம் 1. இரண்டும் வராவிட்டால் "இன்னும் தெரியவில்லை". அப்படியானால் நாட் என்பது இரண்டு பெயர்களை மாற்றி வைப்பது மட்டும்தான். இந்த முறையில் 2011இல் லூலூ சியானும் வின்ஃப்ரீயும் 130 இழைகளை வைத்து, 4 பிட் எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் சர்க்யூட் செய்தார்கள். 9ஐக் கொடுத்தால் 3 வரும். ஆனால் விடை வர பல மணி நேரம் ஆகும்.

இங்கேதான் பலர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு கால்குலேட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் செய்வதற்கு இவ்வளவு பாடா? கேள்வி நியாயம்தான், ஆனால் ஒப்பீடு தப்பு. இந்த சர்க்யூட்டின் விடை திரையில் தெரியும் எண் அல்ல, தண்ணீரில் மிதக்கும் ஓர் இழை. அந்த இழையே அடுத்த கட்டுமானத்துக்கு ஒரு பாகமாகவோ சாவியாகவோ இருக்க முடியும். கணக்குப் போடுவதற்கும் கட்டுவதற்கும் ஒரே பொருள். நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஒயர் கொண்டுபோக முடியாத இடத்தில் முடிவெடுக்க இதுதான் வழி.

சர்க்யூட்டையும் டைலையும் இணைத்தல்

இரண்டையும் ஒன்றாக்கிய வேலை 2013இல் வெளிவந்தது. ஜாங், ரிசால் ஹரியாடி, ஹாரி சோய், வின்ஃப்ரீ நாலு பேரும் எழுதியது. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த கட்டுரை இது.

இதில் கட்டுமானத்துக்கு டிஎன்ஏ டைல். இரண்டு சுருள்களை இணையாக வைத்து இரண்டு இடத்தில் பின்னிவிட்ட ஒரு கெட்டியான துண்டு. நாலு மூலையிலும் ஒட்டு முனை, அதாவது மூடாத சில எழுத்துகள். ஒரு டைலின் முனை அடுத்த டைலின் முனையோடு ஒட்ட, டைல்கள் பரந்து சுருண்டு நானோகுழாய் ஆகும். வழக்கமாக இதற்கும் சூடாக்கி ஆறவிட வேண்டும்.

இவர்கள் செய்த மாற்றம், ஒட்டு முனைகளுக்கு ஒரு மூடி போட்டது. ஒரு காவல் இழை அந்த முனைகளை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூடியிருக்கும்வரை டைல்கள் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தாலும் ஒட்டாது. மூடியைக் கழற்ற ஒரு தனி இழை வேண்டும். அந்த இழையும் சும்மா கிடைக்காது, இன்னொரு சர்க்யூட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த சர்க்யூட்டைத் திறக்க ஒரு வினையூக்கி இழை வேண்டும்.

வினையூக்கி என்பதைக் கவனியுங்கள். ஓர் இழை வந்து ஒரு பூட்டைத் திறந்ததும் தீர்ந்துபோவதில்லை. எரிபொருள் இழை ஒன்று வந்து அதை விடுவித்துவிட, அது அடுத்த பூட்டுக்குப் போகிறது. இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று நான் கொஞ்ச நேரம் குழம்பினேன். 2007இல் இதே ஆட்கள் செய்த வடிவமைப்பில் விடை இருக்கிறது. வினைக்கு முன்னும் பின்னும் எழுத்துப் பிணைப்புகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பின்னால் தனியாக மிதக்கும் மூலக்கூறுகள் அதிகம். ஒன்றாகக் கட்டிக் கிடந்தவை கலைந்து திரிய முடிகிறது. அந்தக் கலைதல், அதாவது என்ட்ரோபி, வினையை முன்னே தள்ளுகிறது. பள்ளி விட்டதும் வாசலில் பிள்ளைகளை யாரும் தள்ளுவதில்லை, ஆனாலும் எல்லாரும் வெளியேதான் போகிறார்கள்.

விளைவு: வெப்பநிலையை மாற்றாமல், குறிப்பிட்ட வரிசை உள்ள ஒரு வினையூக்கி இழையைக் கொஞ்சமாகப் போட்டதும் மூடிகள் கழன்று, டைல்கள் சேர்ந்து, 10 மைக்ரோமீட்டருக்கும் நீளமான குழாய்கள் வளர்ந்தன. 10 மைக்ரோமீட்டர் என்றால் மனிதச் செல் ஒன்றின் அளவு. முன்னால் இருக்கும் சர்க்யூட் எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் இதன் பலம். ஆண்ட் கேட் வைத்தால் இரண்டு சமிக்ஞையும் வந்தால்தான் குழாய். கட்டிட வேலையும் மேஸ்திரி வேலையும் தனித்தனி மாட்யூல். இண்டர்ஃபேஸ் ஓர் இழை. நம்ம ஊர் புராஜெக்டுகளில்கூட இவ்வளவு சுத்தமான பிரிவு பார்ப்பது அபூர்வம்.

இதே குடும்பத்தில் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2004இல் ராபர்ட் டெர்க்ஸ், நைல்ஸ் பியர்ஸ் செய்தது. கொண்டை ஊசி மாதிரி தனக்குள் மடிந்த இரண்டு வகை இழைகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தாலும் அப்படியே கிடக்கும். தூண்டும் இழை ஒன்று வந்தால் முதல் ஊசி திறக்கும், திறந்த அதன் முனை இரண்டாவது ஊசியைத் திறக்கும், அது மறுபடி முதல் வகையைத் திறக்கும், சங்கிலி நீண்டுகொண்டே போகும். இந்தச் சங்கிலியில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, கருவின் திசுவுக்குள் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க இன்றைக்கு உயிரியல் லேபுகளில் பயன்படுத்துகிறார்கள். "சமிக்ஞை வந்தால் மட்டும் கட்டு" என்ற யோசனை ஏற்கெனவே சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டது.

கட்டுவதே கணக்கானால்?

மேலே சொன்னதில் லாஜிக் தனி, கட்டுமானம் தனி. இன்னொரு வழியில் இரண்டும் ஒன்று.

1961இல் ஹாவ் வாங் என்ற தர்க்கவியலாளர் விளிம்புகளில் நிறம் பூசிய சதுர டைல்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: கொடுக்கப்பட்ட டைல் வகைகளால், நிறம் பொருந்தும்படி, தளம் முழுவதையும் நிரப்ப முடியுமா என்று எப்போதும் கண்டுபிடித்துச் சொல்லும் வழிமுறை உண்டா? 1966இல் ராபர்ட் பெர்கர் அப்படி ஒரு வழிமுறை இருக்க முடியாது என்று நிரூபித்தார். காரணம், டைல் பதிப்பதை வைத்தே எந்தக் கம்ப்யூட்டர் புரோகிராமையும் ஓட்டிக் காட்டிவிடலாம். எரிக் வின்ஃப்ரீ தன் 1998 பிஎச்டி ஆய்வில் பிடித்தது இந்த நூலைத்தான். நிறத்துக்குப் பதில் ஒட்டு முனை. வெப்பநிலையைச் சரியாக வைத்தால் ஒரு முனை மட்டும் பொருந்திய டைல் விழுந்துவிடும், இரண்டு முனை பொருந்தியது நிற்கும். யோசித்துப் பாருங்கள், அதுவே ஓர் ஆண்ட் கேட்.

நம் ஊரிலும் இதற்குப் பக்கத்துத் தெரு வேலை நடந்திருக்கிறது. 1974இல் சென்னையிலிருந்து கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலங்களை எந்திர விதிகளால் உருவாக்கும் அணி இலக்கணங்களைப் பற்றி எழுதினார்கள். சின்னச் சின்ன விதிகளிலிருந்து பெரிய உருவம் எப்படி வரும் என்ற அதே கேள்வி. ராணி சிரோமணி பின்னாளில், 1992இல், வட்ட டிஎன்ஏவை வெட்டி ஒட்டுவதன் கணிதத்தையும் சக ஆய்வாளர்களோடு எழுதினார். டிஎன்ஏவை வைத்து லியோனார்ட் ஏடில்மன் லேபில் கணக்குப் போட்டுக் காட்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்துதான்.

2004இல் ராத்மண்ட், நிக் பாபடாகிஸ், வின்ஃப்ரீ மூவரும் கீழிருந்து வரும் இரண்டு பிட்களை எக்ஸார் செய்து மேலே அனுப்பும் டைல்களால் சியர்பின்ஸ்கி முக்கோணம் வளர்த்தார்கள். அழகாக வந்தது, ஆனால் டைலுக்கு 1 முதல் 10 சதவீதம் வரை பிழை. 2019இல் டேமியன் வுட்ஸ், டேவிட் டோட்டி முதலானோர் 355 வகை டைல்களை ஒரு பொது நூலகமாகச் செய்து, அதிலிருந்து தேவையானதை எடுத்துக் கலந்து 21 வெவ்வேறு 6 பிட் புரோகிராம்களை ஓட்டினார்கள். எண் 3ஆல் வகுபடுமா என்று பார்ப்பது, முன்னும் பின்னும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்ப்பது, 63 வரை சுற்றி எண்ணுவது எல்லாம். பிழை 3,000 டைலுக்கு ஒன்றுக்கும் கீழே. பதினைந்து வருஷத்தில் அவ்வளவு முன்னேற்றம்.

வாட்ஸ்அப்பில் வரும் ரோபோ

இவ்வளவு எழுதக் காரணம் ஒன்று உண்டு. "ரத்தத்தில் நீந்திப்போய் புற்றுநோய்ச் செல்லை மட்டும் கொல்லும் டிஎன்ஏ ரோபோ வந்துவிட்டது" என்ற செய்தி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எனக்கு ஃபார்வர்டாக வருகிறது. அனுப்புபவர்கள் எல்லாரும் சும்மா அனுப்புவதில்லை. வீட்டில் கீமோ நடந்துகொண்டிருக்கும் ஆட்களும் "இது எங்க கிடைக்கும் சார்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நேர்மையான பதில் வேண்டும்.

செய்தியின் வேர் பொய்யல்ல. 2012இல் ஷான் டக்ளஸ், இடோ பாஷெலே, ஜார்ஜ் சர்ச் மூவரும் 35க்கு 35க்கு 45 நானோமீட்டர் அளவில், அறுகோணப் பீப்பாய் ஒன்றை ஓரிகாமி முறையில் செய்தார்கள். இரண்டு பாதிகள், கீல் வைத்து மூடியது. இரண்டு பூட்டு. ஒவ்வொரு பூட்டிலும் ஆப்டமர் என்ற டிஎன்ஏ வரிசை. அது குறிப்பிட்ட புரதம் ஒன்றை விரும்பிப் பிடிக்கும், பிடித்ததும் பூட்டு கழன்றுவிடும். இரண்டு புரதமும் செல்லின்மேல் இருந்தால்தான் பீப்பாய் திறந்து உள்ளே இருக்கும் ஆன்டிபாடித் துண்டுகள் வெளியே தெரியும். மேலே பார்த்த அதே ஆண்ட் கேட், இந்தத் தடவை உள்ளீடு புரதம். ஆனால் சோதித்தது லேபில் வளர்த்த செல்களில். 2018இல் சீன, அமெரிக்கக் குழு ஒன்று எலிகளில், கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை உறைய வைக்கும் திராம்பினை டிஎன்ஏ தாளில் சுருட்டி அனுப்பி, கட்டி சுருங்குவதைக் காட்டியது. எலிகளில்.

நடுவில் என்ன தடை? மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது உப்பு. ஓரிகாமி உருவங்கள் நிற்க பொதுவாக 10 மில்லிமோலாருக்கு மேல் மக்னீசியம் வேண்டும், நெருங்கிக் கிடக்கும் இழைகளின் எதிர்மின்னூட்டத்தைத் தணிக்க. நம் ரத்தத்தில் இருப்பது 1 மில்லிமோலார் அளவுதான். இரண்டாவது, ரத்தத்தில் அந்நிய டிஎன்ஏவை வெட்டித் தின்னும் என்சைம்கள் உண்டு. இரண்டுக்கும் மேல்பூச்சு போன்ற வழிகளில் வேலை நடக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

மூன்றாவதுதான் இந்தப் பதிவின் விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: கசிவு. உள்ளீடே இல்லாமல் கேட் வெளியீடு கொடுத்துவிடுவது. டோஹோல்ட் இல்லாவிட்டால் வினை மெதுவாக நடக்கும் என்றுதான் சொன்னேன், நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. இரட்டைச் சுருளின் ஓரங்கள் சும்மா இருக்கும்போதே லேசாகப் பிரிந்து பிரிந்து மூடும். அந்த ஒரு கணத்தில் வேறோர் இழை நுழைந்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். போதாக்குறைக்கு இழை தயாரிப்பிலேயே பிழை. டிஎன்ஏவை வேதிமுறையில் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு சேர்ப்பும் 99.5 சதவீதம் வெற்றி என்று வைத்துக்கொண்டாலும், 100 எழுத்து இழையில் முழுசாகச் சரியாக வருவது 60 சதவீதம்தான். மீதியில் எழுத்து குறையும். குறைந்த இடம் கசியும்.

சாப்ட்வேர்காரனுக்கு ஆயிரத்தில் ஒன்று பெரிய விஷயமாகத் தெரியாது. ரீட்ரை போடுவோம். இங்கே கணக்கைப் பாருங்கள். 1 நானோமோலார் செறிவில் 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு சொட்டு. அதில் சுமார் 6,000 கோடி பெட்டிகள். ஆயிரத்தில் ஒன்று தானாகத் திறந்தால் 6 கோடி பெட்டிகள் தப்பான இடத்தில் மருந்தைக் கொட்டியிருக்கும். கொட்டியதைத் திரும்ப அள்ள முடியாது. உள்ளே இருப்பது சாயம் என்றால் பரவாயில்லை, செல்லைக் கொல்லும் சரக்கு என்றால்?

கசிவைக் குறைக்க வழிகள் உண்டு. ஓரங்களில் ஓரிரு எழுத்து கூடுதலாக வைத்துப் பிணைப்பை இறுக்குவது. ஏ, டி ஜோடியைவிட வலுவான ஜி, சி ஜோடியை ஓரத்தில் போடுவது. ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே கசியும் இழைகளை விழுங்கிவிடும் கட்டுகளைக் கலப்பது. சியானும் வின்ஃப்ரீயும் வர்க்கமூல சர்க்யூட்டில் செய்தது இந்தக் கடைசி வழி. எல்லாமே வேலை செய்கிறது, எல்லாமே வேகத்தையோ சிக்கனத்தையோ கொஞ்சம் விலையாகக் கேட்கிறது. கசிவைப் பூஜ்யமாக்கும் வழி இன்னும் இல்லை, வெப்பத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் உலகில் அது வரவும் வராது. எவ்வளவு குறைத்தால் போதும் என்பதுதான் கேள்வி, அது உள்ளே வைக்கும் சரக்கைப் பொறுத்தது.

ஆகவே "எங்க கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நடக்கும் சிகிச்சையை இதற்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். சோதனைக் குழாயிலா, செல்லிலா, எலியிலா, மனிதரிலா? 37 டிகிரியிலும் ரத்த உப்பிலும் எத்தனை மணி நேரம் நின்றது? சமிக்ஞை இல்லாதபோது எத்தனை சதவீதம் திறந்தது? திறந்ததைத் திரும்ப மூட முடியுமா, அல்லது ஒரு தடவை மட்டும் வேலை செய்து தீர்ந்துவிடுமா? மூன்றாவது கேள்விக்கு எண் இல்லாத செய்தி என்றால் நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

சும்மா படிப்பதோடு நிற்க வேண்டாம் என்று தோன்றுபவர்களுக்கு: ஓரிகாமி வடிவமைக்க கேட்நானோ இருக்கிறது, இலவசம். இழைகள் எப்படி மடியும், எது எதோடு ஒட்டும் என்று கணிக்க கால்டெக்கில் பியர்ஸ் குழு உருவாக்கிய நுபேக் இருக்கிறது. இருபது எழுத்தில் ஓர் இழை, அதன் இணையில் ஆறு எழுத்து டோஹோல்ட், அதைத் தள்ளிவிட ஒரு மூன்றாவது இழை என்று எழுதி, நுபேக்கில் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பிறகு டோஹோல்ட்டை மூன்று எழுத்தாகக் குறைத்து, மூன்றாவது இழையையும் அதற்கேற்ப வெட்டி ஓட்டுங்கள். இரண்டு தடவையும் கடைசி விடையில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது காட்டுவது எல்லாம் அடங்கிய பிறகு இருக்கும் நிலையை. வித்தியாசம் இருப்பது அந்த நிலைக்குப் போய்ச் சேரும் வேகத்தில். அந்த வேகத்தைக் கணக்கிடும் சிமுலேஷனை அடுத்த பதிவில் கோடோடு போடுகிறேன்.